ஊதாக்கரைச் சேலையோடு நான்கு நாள்

முதல் நாள்: டிசம்பர் 24, 2024, செவ்வாய்

விடியற்காலை ஐந்து மணிக்கு முசிறியிலிருந்து வேனில் கிளம்பினோம். அப்பா, அம்மா, தம்பி, நான். 2004 டிசம்பரில் இதே வேளாங்கண்ணிக்கு அப்பாவைப் பெற்ற அப்பாயியையும் சேர்த்து ஐந்து பேராகப் போனோம்; நான்கு பேராகத் திரும்பினோம். எனக்கு அப்போது பதினொரு வயது, தம்பிக்கு நான்கு.

இத்தனை வருடமும் அந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். இந்தக் கார்த்திகை மாதம் ஒரு நாள் இரவு, சாப்பிட்டுக் கை கழுவியவர், "ஆத்தாவுக்கு இது இருபதாவது வருடம். போய்விட்டு வரலாம்" என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாளே தம்பி வேனுக்குச் சொல்லிவிட்டான். அப்பாயி போனது மார்கழிப் பௌர்ணமியன்று. அந்தக் கணக்கில் திதி இந்த முறை போகியன்றுதான் வருகிறது. ஆனால் அந்தக் கடற்கரை முழுக்க அழுவது சுனாமி வந்த 26ஆம் தேதி. நாங்களும் அன்றைக்கு அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தோம்.

பெட்டிகளெல்லாம் வேனின் பின்னால் கிடக்க, அம்மா ஒரு மஞ்சள் பையை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு பழைய நூல் சேலை. பச்சை உடல், ஊதாக் கரை. முந்தானைக்குப் பக்கத்தில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு கிழிசல். யாரோ அதைக் கறுப்பு நூலால் நெருக்கி நெருக்கித் தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் அம்மா போட்டதல்ல. சேலையே அம்மாவுடையதல்ல. அதை உரியவரிடம் சேர்ப்பதற்காகவும்தான் இந்தப் பயணம். கூடவே திருச்சியில் எடுத்த புதுச் சேலை ஒன்று, வெற்றிலை பாக்கு, மஞ்சள்.

தஞ்சாவூரில் காலைச் சாப்பாடு. கும்பகோணம் போகும் வழிப்பலகையைப் பார்த்ததும் அம்மா, "அந்த வருடமே ஆகாத வருடம்" என்றாள். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். ஐந்தே மாதத்தில் கடல்.

திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் வந்து சேர்ந்தபோது மதியம். வேளாங்கண்ணியில் தங்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. நாகையிலேயே, கடலை விட்டுத் தள்ளி, இரண்டாவது மாடியில் அறை கேட்டு வாங்கினார். படுக்கப் போகுமுன் மாடிப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இரண்டாம் நாள்: டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். வேளாங்கண்ணியில் கால் வைக்க இடமில்லை. பேராலயத்தின் வெள்ளைக் கோபுரங்கள் தூரத்திலேயே தெரிந்தன. ஆலயத்தின் முன்னால் குடில், நட்சத்திரம், மலையாளமும் தமிழுமாகப் பாட்டு. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள். மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலிட்டு நகர்ந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு பக்கமும் அவருடைய பிள்ளைகள் நடந்துவந்தார்கள்.

நாங்கள் கும்பிடுவது சமயபுரத்தாளை. ஆனால் தம்பிக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, திருச்சி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தபோது, அப்பாயி மாரியம்மனோடு மாதாவையும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் மொட்டை போடுவதாக வேண்டுதல். அவளுக்கு இரண்டு பேரும் அம்மன்தான். "கேட்டதைக் கொடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும்" என்று ஒரு வருடமாக நச்சரித்து எங்களைக் கூட்டிவந்தவளே அவள்தான்.

அப்பாயி அதுவரை கடலைப் பார்த்ததில்லை. காவிரிக்கரைக்காரி. வெள்ளம் வந்தால் படித்துறையில் எந்தப் படி வரை ஏறும் என்று சொல்லத் தெரிந்தவள். 2004இல் இதே 25ஆம் தேதி சாயங்காலம் கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கரையே இல்லையே" என்று என்னிடம் சொன்னாள். பயந்து சொன்னதுபோல இல்லை. நல்ல சேதி ஒன்றைச் சொல்வதுபோல இருந்தது அவள் குரல். இன்று அதே நேரத்துக்கு அங்கே போய் நின்றோம். தம்பி மட்டும் கடைத்தெரு முடியும் இடத்திலேயே நின்றுவிட்டான். அவனுக்கு அன்றைய நாள் துளிகூட நினைவில் இல்லை. ஆனாலும் இதுவரை எந்தக் கடலிலும் கால் நனைத்ததில்லை.

மதியம் அந்தத் தெருவைத் தேடிப் போனோம். வேளாங்கண்ணிக்கு மேற்கே, வயலை ஒட்டி, ஒரு மதகைத் தாண்டி வலப்பக்கம் திரும்பும் தெரு. அம்மாவுக்குத் தெரிந்த அடையாளம் அவ்வளவுதான். அன்று ஓலை வீடுகள். இன்று முக்கால்வாசி காங்கிரீட். மதகு இருந்தது. அதன் கைப்பிடிச் சுவரில் கையை வைத்த அம்மா, "இதில்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

முனையில் இருந்த டீக்கடைக்காரரிடம் சேலையை எடுத்துக் காட்டி விவரம் சொன்னோம். அறுபது வயது இருக்கும் அவருக்கு. சேலையைத் தொடாமலேயே பார்த்தார்.

"அம்மா, அன்றைக்கு இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும்தான் சேலை கொடுத்தார்கள். கொடியில் காய்ந்தது, பெட்டியில் மடித்திருந்தது, எதையும் விட்டுவைக்கவில்லை. நீங்கள் எந்த வீடு என்று கேட்டால் நான் யாரைச் சொல்வேன்?"

நாளைக்கு யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், கடற்கரைக்குப் போய்விடுவார்கள், மறுநாள் வாருங்கள், விசாரித்து வைக்கிறேன் என்றார். டீக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

இரவு அறையில், நாளை எழுத வேண்டியதைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். அவளுடைய சேலை போன விதத்தை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதலாமா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எழுது. அதற்கு வெட்கப்பட்டுத்தான் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்" என்றாள்.

மூன்றாம் நாள்: டிசம்பர் 26, வியாழன்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் நிலம் அதிர்ந்தபோது நம் நேரத்துக்குக் காலை 6.29. ரிக்டர் என்ற வார்த்தையோ சுனாமி என்ற வார்த்தையோ எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அப்போதுதான் அறையில் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தோம். அலை நம் கரைக்கு வந்துசேர அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த நேரத்தில் நாங்கள் இட்லி சாப்பிட்டோம். மெழுகுவர்த்தி வாங்கினோம். அப்பாயிக்குச் செருப்பு வார் அறுந்துபோய், அதைத் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். இந்தியப் பெருங்கடலுக்கென்று அன்று எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஐதராபாத்தில் அதற்கான மையம் வந்தது 2007இல். ஒரே ஒருவர், ஒரு ஒலிபெருக்கியில், "கடலை விட்டுப் போங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். நடந்தே போயிருக்கலாம். இதை நினைக்கும்போது வரும் கோபம் எனக்கு இருபது வருடத்தில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆனதால் முடியிறக்கும் இடத்தில் நீண்ட வரிசை. அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். அப்பாயிக்குப் பொறுமை இல்லை. "நீங்கள் முடித்துக்கொண்டு வாருங்கள், நான் முன்னால் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று கிளம்பிவிட்டாள். துண்டை மறந்துவிட்டுப் போனாள் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். மணி ஒன்பது தாண்டியிருக்கும். கடைத்தெருவில் பாதி தூரம்கூடப் போகவில்லை.

முதலில் கேட்டது சத்தம். லாரி லாரியாக ஜல்லி கொட்டுவதுபோல. முன்னால் இருந்தவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். எதற்கு என்று தெரியாமலே நாங்களும் திரும்பினோம். தண்ணீர் பின்னாலிருந்து வந்து முழங்காலைப் பிடித்தது, அடுத்த மூச்சில் இடுப்பு, அடுத்த மூச்சில் எனக்குக் கழுத்து. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, கறுப்பு. சேறும் ஓலையும் மெழுகுவர்த்திப் பெட்டியும் பிளாஸ்டிக் நாற்காலியும் அதில் சுழன்றன. கடைகளுக்குப் பின்னால் இருந்த வேலிக்கருவைப் புதருக்குள் எங்களைக் கொண்டுபோய்த் தள்ளியது. நான் ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டேன். அம்மாவின் சேலை முள்ளில் சிக்கிவிட்டது. தண்ணீர் ஒரு பக்கம் இழுக்க, முள் ஒரு பக்கம் இழுக்க, அவள் முகம் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்ததை நான் பார்த்தேன். மூன்றாவது முறை மேலே வந்தபோது கொசுவத்தைப் பிடித்து உருவிச் சேலையை மொத்தமாக விட்டுவிட்டாள். அதனால்தான் இன்று எனக்கு அம்மா இருக்கிறாள்.

நாகையில் அன்று ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் செத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் எடுக்கக் கரையில் நின்றவர்கள் பெண்கள். பிள்ளையைத் தேடி மறுபடி உள்ளே ஓடியவர்கள் பெண்கள். சேலையும் கூந்தலும் முள்ளில் மாட்டியவர்கள், மாட்டிய சேலையை விடக் கூசியவர்கள் பெண்கள். அந்தக் கூச்சத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்தவர்கள் நாம் எல்லோரும்தான்.

தண்ணீர் பின்வாங்கியபோது ஒரு மெழுகுவர்த்திக் கடைக்காரர் எங்களைப் புதரிலிருந்து இழுத்துவிட்டார். "நிற்காதீர்கள், மறுபடி வரும்" என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். மேற்கே ஓடினோம். பாவாடையும் ரவிக்கையுமாக, உடம்பெல்லாம் முள் கீறி ரத்தம் வழிய, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மதகு வரை ஓடி அங்கே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெண் வந்தார். எதுவும் கேட்கவில்லை. கையில் இருந்த சேலையை அம்மாவின் மேல் போர்த்தி, "எழுந்திரு தங்கச்சி, பிள்ளை பார்க்கிறது" என்று தூக்கிவிட்டு, தெருவில் நட்டநடுவே நிற்கவைத்து அவரே கொசுவம் வைத்துக் கட்டிவிட்டார். அவர் முகம் எனக்கு நினைவில்லை. பச்சையில் ஊதாக் கரையை அவர் விரல்கள் மடித்துக்கொண்டே போனதுதான் நினைவிருக்கிறது.

அப்பாவையும் தம்பியையும் சாயங்காலம் அதே தெருவில் பார்த்தோம். தம்பிக்குப் பாதித் தலை மழித்திருந்தது, பாதித் தலையில் முடி இருந்தது. அன்றிரவு அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் முப்பது, நாற்பது பேர். கஞ்சி கொடுத்தார்கள். வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வார்த்தையை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டோம். பௌர்ணமி. பட்டப்பகல்போல நிலா. யாரும் தூங்கவில்லை.

எங்கள் மூவரையும் மறுநாள் ஒரு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு அப்பா மட்டும் தங்கினார். நாகை ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கரை என்று தேடினார். 30ஆம் தேதி இன்னொரு சுனாமி வருகிறது என்று அறிவிப்பு வந்து ஊரே ஓடியது. அது வெறும் வதந்தியாகப் போனது. அன்று ஓடியதைப் பற்றி அப்பா இன்று வேனில் முதல்முறையாகச் சொன்னார்: "பிணங்களைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆத்தா அதில் இருந்திருந்தால்? அதையும் விட்டுவிட்டுத்தானே ஓடியிருப்பேன்?" தம்பி அவர் முதுகில் கை வைத்தான். பதில் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

ஜனவரியில், அடையாளம் தெரியாமல் புதைத்தவர்களின் போட்டோக்களில்தான் அப்பாயி கிடைத்தாள். இடது முன்னங்கையில் பச்சைகுத்திய தேள். அரசு கொடுத்த நிவாரணப் பணத்தை அப்பா வங்கியில் போட்டுவைத்தார். என் கல்லூரிப் படிப்பு அந்தப் பணத்தில்தான் நடந்தது. தொண்டைக்குள் ஒன்று சிக்காமல் இதை என்னால் எழுத முடியவில்லை.

இன்று காலை அம்மா அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். பேராலயத்திலிருந்து நினைவுத்தூணுக்குப் போன ஊர்வலத்தில் நடந்தோம். எல்லா மதத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். அந்த மண்ணுக்கடியில் பெயர் தெரியாமல் கிடப்பவர்களில் எங்கள் அப்பாயியும் ஒருத்தி. அப்பா சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மண்ணில் கொஞ்சம் எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டார்.

பிறகு நாகைக்குத் திரும்பி அக்கரைப்பேட்டைக்குப் போனோம். மீனவர்கள் இன்று கடலுக்குப் போவதில்லை. கட்டிய படகுகள் அப்படியே நின்றன. பெண்கள் கரையில் நின்று பால் ஊற்றினார்கள், பூப் போட்டார்கள், பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். அதில் இந்தக் கரையிலும் பக்கத்திலுள்ள கீச்சாங்குப்பத்திலும் போனவர்கள் எத்தனையோ பேர். நாங்கள் யாத்திரைக்கு வந்தவர்கள். லாரி ஏறிப் போக எங்களுக்கு ஓர் ஊர் இருந்தது, வீடு இருந்தது. இவர்கள் மறுபடியும் அதே கடலுக்குள் படகைத் தள்ள வேண்டியிருந்தது. ஒரு பாட்டி தூக்குவாளியில் மிச்சமிருந்த பாலை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கி ஊற்றினாள்.

நான்காம் நாள்: டிசம்பர் 27, வெள்ளி

நேற்று எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். அப்பாயி கிளம்பும்போது கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லவில்லையாம். "தம்பிக்குக் கிளிஞ்சல் பொறுக்கி வைக்கிறேன்" என்றுதான் சொன்னாளாம். தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். அம்மா பதில் சொல்லவில்லை. எனக்குக் காரணம் தெரியும். அவனுக்கும் தெரியாமல் இருக்காது.

காலையில் தெற்கே நாலுவேதபதி வரை போய்வந்தோம். அப்பாவுக்கு அந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. 2002இல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டுக் கின்னஸ் சாதனை செய்த கிராமம் அது. இரண்டே வருடத்தில் வந்த அலையை அந்த மரங்கள்தான் தடுத்து ஊரைக் காத்தன என்று சொல்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டது. வழியெங்கும் இளம் தென்னைகள்தான் தெரிந்தன. அப்பா இறங்கி ஒரு சவுக்கு மரத்தைத் தட்டிப் பார்த்தார். அதிக நேரம் நிற்கவில்லை.

மதியம் மறுபடி அந்தத் தெரு. டீக்கடைக்காரர் சொன்னபடியே விசாரித்து வைத்திருந்தார். மதகிலிருந்து நான்காவது வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டு அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். சேலையை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அந்தக் கறுப்புத் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கள் மாமியார் இப்படித்தான் நெருக்கித் தைப்பார்கள். அவர்கள் போய் ஆறு வருடமாகிறது. ஆனால் இந்தச் சேலையை நான் பார்த்த ஞாபகம் இல்லை அக்கா. எதிர்வீட்டு ஆச்சியும் இப்படித்தான் தைப்பார்கள். எங்களுடையது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை."

அம்மா புதுச் சேலையைத் தாம்பூலத்தோடு நீட்டினாள். அவர் மஞ்சளையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "உட்காருங்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்" என்று உள்ளே போனார். அன்று கஞ்சி குடித்தது இந்தத் திண்ணையில்தானா என்று எனக்குத் தெரியவில்லை. சோறும் பருப்புக் குழம்பும் அப்பளமும். அப்பா இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். இந்த நான்கு நாளில் அவர் வயிறாரச் சாப்பிட்டது இந்த ஒரு வேளைதான்.

வேனில் ஏறியதும் அம்மா இரண்டு சேலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தாள். தஞ்சாவூர் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. பிறகு அப்பா முன் இருக்கையிலிருந்து திரும்பி, அந்த வீட்டுப் போன் நம்பரை வாங்கினாயா என்று தம்பியிடம் கேட்டார். வாங்கியிருக்கிறேன் என்றான். "அடுத்த வருடம் வரும்போது இரண்டு வாழைத்தார் கொண்டுவர வேண்டும். நம் தோட்டத்தில் பூவன் அப்போது வெட்டுக்கு வந்திருக்கும். ஒன்று அவர்களுக்கு, ஒன்று எதிர்வீட்டு ஆச்சிக்கு" என்றார்.